வரி கட்டுகிற ஊர்

1

இன்று பட்ஜெட். கொழும்பில் மந்திரி எழுந்து பேசத் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே எங்கள் ஹட்டன் கடைத்தெரு பேசத் தொடங்கிவிட்டது. தீப்பெட்டிக்கு வரி ஏறப் போகிறது என்று யாரோ சொல்ல, காலையிலேயே தீப்பெட்டியைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு போனார்கள். போன வருஷம் சீனி. அதற்கு முந்திய வருஷம் சிகரெட். ஏறும் என்று பயந்தது ஏறாது, நினைத்தே பார்க்காத ஒன்று ஏறிவிடும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் இந்த ஓட்டம் இருக்கிறது.

எதிரே முடிவெட்டும் கடையில் வானொலிப் பெட்டி இருக்கிறது. அதற்கு வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறவர்கள் குறைவு. பரிசோதனைக்கு வருகிறவர் வட்டவளையில் ரயிலேறிவிட்டார் என்று ஸ்டேஷன் பக்கமிருந்து செய்தி வந்தால் போதும், தெருவில் பாடிக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளும். மழை பெய்யும் சத்தமும் பேக்கரிக்காரர் தகரத்தட்டுகளை அடுக்கும் சத்தமும் மட்டும் கேட்கும். அவர் அடுத்த ரயிலில் போன பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். சைக்கிளுக்கு வரி கட்டாதவர்களும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் சைக்கிள்கள் எல்லாம் வீட்டுக்குள் படுத்திருக்கும்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "குளிர் தாங்குதா?" அடுத்தது, "நல்ல சம்பாத்தியமா?" எதற்கெல்லாம் வரி கட்டுகிறீர்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே போன்ற ஒரு பட்ஜெட் சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினாலே போதும். காலையிலிருந்து எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எழுதிவிட்டாலாவது உட்கார முடிகிறதா பார்க்கிறேன்.

2

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம்தான் நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். வெயில் தவிர வேறொன்றும் தெரியாது எனக்கு. தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் மலை ஏறத் தொடங்கியபோது, பெட்டிக்குள் புகுந்த பனியைப் புகை என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அதுதான் அவர் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது.

இவர் ஹட்டனில் சேலைக்கடை வைத்திருந்தார். கீழே கடை, பின்கட்டில் வீடு, மேலே பரண் போன்ற மாடி. தோட்டத்து ஜனங்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. சம்பளம் போட்ட மறுநாள் பெண்கள் கூட்டமாக இறங்கி வருவார்கள். அவர்கள் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருந்ததால் ஊரை விட்டு வந்த நினைப்பு எனக்குச் சீக்கிரம் வரவில்லை. அது சிங்களம் கேட்கும்போதுதான் வந்தது. பக்கத்து பேக்கரி முதலாளி பியதாசவின் மனைவி முதல்நாள் வாசலில் நின்று என்னைப் பார்த்து, "என்ன, என்ன" என்று சிரித்தபடியே கூப்பிட்டாள். என்ன என்றால் நான் என்ன சொல்வது? "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர்கள் பாஷையில் 'என்ன' என்றால் 'வாருங்கள்' என்று அர்த்தமாம். அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவள் அந்த ஒரு மாதமும் நான் கர்வக்காரி என்று நினைத்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாதது இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வைத்துவிடும். பிழைக்க எங்கே போனாலும் அந்த வரி வீடு தேடி வந்து சேர வேண்டும். ஒரு குடும்பத்தை ஊர் தண்டிக்க நினைத்தால் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. "உன் வரி வேண்டாம்" என்று சொல்லிவிடும். அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. என் மாமனார் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஊர் வரி அனுப்பியாயிற்றா என்ற கேள்வி இருக்கும்.

அப்படி வளர்ந்தவள் நான். வரி கட்டினால் அந்த ஊர்க்காரர் என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. இங்கே வந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருந்தது. நான் வந்த கொஞ்ச காலத்திலேயே தோட்டத்து ஜனங்களுக்கு ஓட்டு இல்லை என்றாகிவிட்டது. அவர்கள் பறிக்கும் தேயிலைக்குக் கப்பலேறும்போது வரி, அவர்கள் உடுத்தும் துணிக்குக் கப்பலிலிருந்து இறங்கும்போது வரி. நாங்களோ தற்காலிக விசாவில் இருப்பவர்கள். வருமானத்துக்கு வரி கட்டினோம். சில வருஷங்களுக்கு முன் விசாவுக்கே தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி வந்தது. அதைக் கட்டிக் கட்டுப்படியாகாமல், ஊரிலிருந்து கூட்டி வந்திருந்த இரண்டு கடை ஆட்களையும் இவர் திருப்பி அனுப்பிவிட்டார். தெருவில் பல கடைகளில் அதே கதைதான். அதற்குப் பிறகு மதியத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

இன்னொரு வரியையும் சொல்ல வேண்டும். செலவு செய்வதற்கே வரி என்று ஒன்று வந்தது. பெரிய கைகளுக்குத்தான் அது. ஆனால் பயம் எல்லோருக்கும் வந்தது. கடைத்தெருப் பிள்ளையார் கோயிலில் உபயகாரர் பெயர்களைப் பெரிய பலகையில் எழுதி வைப்பது வழக்கம். பெயர் கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டால் அடுத்த வருஷம் உபயத்தையே நிறுத்திவிடுகிற மனிதர்கள் அவர்கள். அந்த வருஷம் ஒருவர் பின் ஒருவராகக் குருக்களிடம் வந்து, "சாமி, என் பேர் வேணாம், 'ஒரு அன்பர்'னு போட்டுருங்க" என்றார்கள். பலகை முழுவதும் ஒரு அன்பர், ஒரு அன்பர், ஒரு அன்பர். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவரைக் கூப்பிடுவது நின்றது. சாப்பாடு மட்டும் எப்போதும் போல நடந்தது, சத்தமில்லாமல்.

3

அந்த வருஷம் துணிக்கு இறக்குமதி வரி ஏறப்போவது நிச்சயம் என்று கொழும்பு மொத்த வியாபாரி இவரிடம் சொல்லியிருந்தார். பட்ஜெட்டுக்கு முன்னால் வந்து சேர்ந்த சேலைக் கட்டுகளை இவர் கடையில் இறக்கவில்லை. நேராக மாடியில் ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். வரி ஏறிய பிறகு புது விலைக்கு விற்கலாம் என்று கணக்கு. அவர் மட்டும் செய்த காரியம் இல்லை அது. தெருவில் எல்லா மாடிகளும் அன்றைக்கு நிறைந்துதான் இருந்தன.

பட்ஜெட்டுக்கு முதல்நாள் ராக்கம்மா வந்தாள். வட்டவளைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். சிவப்புக் கூறைச் சேலை வேண்டும் என்று ஈரக் கம்பளியைத் தலையிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

"கூறை ஒண்ணும் இல்லியே. அடுத்த வாரம் வாங்க" என்றார் இவர்.

"போன மாசம் வந்தப்ப இந்த வாரம் வரும்னு சொன்னீங்களே, மொதலாளி."

"வரல. நான் என்ன பண்றது?"

"அடுத்த வாரம் வெலை ஏறிப் போகும்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிறாங்க. ஏறிருச்சின்னா எங்களால முடியாதுங்க."

நான் உள்கதவுப் பக்கம் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு அவரிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு சேலையை எடுத்துக் குடுத்தா என்ன? மேல அத்தனை இருக்கு."

"ஒண்ணைக் குடுத்தா தோட்டம் பூரா வந்து நிக்கும். உனக்கு யாபாரம் தெரியாது, மீனா."

"கல்யாணச் சேலைங்க."

"அவ மகளுக்கு மட்டுந்தான் கல்யாணமா? நமக்கும் ஒருத்தி வளந்து நிக்கிறா."

எங்கள் மகள் கமலாவுக்கு அப்போது பதினான்கு வயது. அதற்குமேல் நான் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது நான் போட்ட விதம் அவருக்குப் பேச்சைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் வானொலியில் வரி ஏறியது. எல்லாக் கடைகளிலும் மெதுவான சிரிப்பு.

4

இரண்டொரு நாள் கழித்து இவர் கொழும்புக்குப் போனார். போகும்போது, "நுவரெலியாவிலேர்ந்து ஒரு சிங்கள முதலாளி வருவாரு. மேல இருக்குறதுல பாதியை மொத்தமா எடுத்துக்குறேன்னிருக்காரு. வந்தா மரியாதையா மேல கூட்டிட்டுப் போய்க் காட்டு. வெலையை நான் வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மழை விட்ட நேரத்தில் ஒருவர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தோல் பை, குடை. குடையை வாசலிலேயே உதறி, மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நல்ல குடும்பத்து மனிதர் என்று தோன்றியது. மெதுவான குரலில் சிங்களத்தில் கேட்டார்.

"ஆதாயம் பது கெவனவாத?"

என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். 'ஆதாயம்' நம்முடைய சொல்லேதான், லாபம். 'படு' என்றால் சிங்களத்தில் சாமான், சரக்கு. கடைத்தெருவில் நாள் முழுதும் கேட்கிற வார்த்தை. லாபத்துக்கு வைத்திருக்கிற சரக்கைக் கேட்கிறார், இவர்தான் நுவரெலியா முதலாளி என்று முடிவு செய்துவிட்டேன். கடைசி வார்த்தை எனக்குப் புரியவில்லை. புரியாத வார்த்தைகளை விட்டுவிட்டுப் புரிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் இந்த ஊரில் காலம் தள்ளியிருக்கிறேன்.

"தியெனவா, மஹத்தயா, தியெனவா" என்றேன். இருக்கிறது ஐயா, இருக்கிறது. கையை மேலே காட்டி, "உட தியெனவா" என்றேன். மாடியில் இருக்கிறது.

அவர் முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம் தெரிந்தது. "உட?" என்றார்.

"என்ன, மஹத்தயா, என்ன" என்று நான் கற்ற சிங்களத்தில் அழைத்துக்கொண்டு முன்னால் படியேறினேன். சாக்கை நானே இழுத்துப் போட்டேன். கட்டுக் கட்டாகச் சேலைகள். அவர் அங்கே இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதம் எடுத்து, ஒவ்வொரு கட்டாகப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார். எவ்வளவு ஒழுங்கான வியாபாரி என்று நினைத்துக்கொண்டு கீழே போய்த் தேத்தண்ணீர் போட்டு வந்து கொடுத்தேன். கையெழுத்துக் கேட்டார். தமிழில் போட்டேன்.

அவரோடு கீழே இறங்கும்போது கடை வாசலில் வேறொருவர் வந்து நின்றார். தடித்த மனிதர், கையில் மோதிரங்கள், கக்கத்தில் பை. என்னோடு வந்தவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சட்டென்று திரும்பி, பக்கத்துக் கடையில் வாழைப்பழ விலை கேட்கத் தொடங்கிவிட்டார்.

நுவரெலியா முதலாளி இவர்தானோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கமலாவிடம் அவர் விட்டுப்போன காகிதத்தைக் காட்டினேன். அவள் சிங்களம் நன்றாகப் படிப்பாள். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வருமான வரிக் கந்தோர்லேர்ந்தும்மா." கந்தோர் என்றால் இங்கே ஆபீஸ். "அவரு என்னன்னு கேட்டாரு?"

சொன்னேன்.

"அய்யோ அம்மா. படு இல்ல, பது. பதுன்னா வரி. வருமான வரி கட்டுறீங்களான்னு கேட்டிருக்காரு."

"ரெண்டும் ஒண்ணாத்தானேடி கேக்குது."

"ஒண்ணா கேக்கலம்மா. உங்களுக்குத்தான் ஒண்ணா கேக்குது."

5

சாயங்கால ரயிலில் இவர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நனைந்த கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ராக்கம்மாவுக்குச் சேலை குடுக்கலைன்னு பழி வாங்கிட்டியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"பதினைஞ்சு வருஷமா இங்க இருக்க. வரியும் சரக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மை பொய்யைவிட நம்ப முடியாததாக இருந்தது.

எழுதிக்கொண்டு போன சரக்கை இனிப் புது விலைக்கு விற்க இவருக்குத் தைரியம் வரவில்லை. பழைய விலைக்கே கடையில் இறக்கினார். செய்தி எப்படித்தான் பரவியதோ, வட்டவளையிலிருந்தும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்தும்கூடப் பெண்கள் வந்துவிட்டார்கள். ராக்கம்மாவும் வந்தாள். சிவப்புக் கூறையை விரித்துப் பார்த்தபடியே, "போன வாரம் இல்லாத சேலை இந்த வாரம் எப்பிடிங்க மொளைச்சிச்சு?" என்று கேட்டாள். இவர் அதை வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மற்ற கடைக்காரர்கள் இரண்டு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களால் தெருவிலேயே விலை விழுந்துவிட்டதாம்.

பிறகு கண்டியிலிருந்த வரிக் கந்தோரிலிருந்து கடிதங்கள் வந்தன. முன்பெல்லாம் இங்கிலீஷில் வரும், எப்படியாவது படித்துக்கொள்வார். இப்போது சிங்களம். கமலாதான் படிக்க வேண்டும். அப்பாவை வைத்துக்கொண்டு, அப்பா மறைத்த வருமானம் என்று அரசாங்கம் சொல்வதை மகள் வாய்விட்டுப் படித்தாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பழைய வருஷங்களுக்கும் சேர்த்துப் பெரிய தொகை போட்டிருந்தார்கள்.

அதைத் தவணையில் கட்டத் தொடங்கிய சமயத்தில்தான் ஊரிலிருந்து தந்தி வந்தது. மாமனார் படுத்த படுக்கை. உடனே வரவும்.

6

இந்தத் தீவை விட்டுப் போக வேண்டுமானால் வரிப் பாக்கி இல்லை என்று சான்றிதழ் வேண்டும். பாக்கி இருக்கிறவர் போனால் திரும்பி வராமலே இருந்துவிடலாம் அல்லவா? எத்தனையோ பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள். கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. அதனால்தான் அந்தச் சட்டம்.

நாங்கள் மூன்று பேரும் கண்டிக்குப் போனோம். வரிசையில் நின்று, ஜன்னல் ஜன்னலாக அலைந்து, கடைசியில் உள்ளே அனுப்பினார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அந்தக் குடைக்காரரேதான். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். ஏதோ சொல்லிவிட்டு இவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"என்ன சொல்றாரு?" என்றார் இவர்.

கமலா தயங்கினாள். பிறகு அப்படியே சொன்னாள். "உங்க வீட்டு அம்மா மாதிரி நேர்மையானவங்களை இந்த வேலையில நான் பாத்ததே இல்ல. கேக்கறதுக்கு முன்னாடியே காட்டுனாங்கன்னு சொல்றாரு."

என் பக்கம் இவர் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

பிறகு கமலாதான் பேசினாள். தாத்தாவைப் பற்றி, தந்தியைப் பற்றி, கடையைப் பற்றி. எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. அவள் குரல் வீட்டில் இருப்பதுபோல இல்லை. வளர்ந்த பெண்ணின் குரல். நடுவில் அவர் ஏதோ கேட்க, அவள் யோசிக்காமல் "ஹட்டன்" என்றாள். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சிவகங்கை என்று அவள் வாயில் வரவில்லை. ஏன் வர வேண்டும்? அவள் அந்த ஊரைப் பார்த்ததே ஒரே தடவைதான், அதுவும் கைக்குழந்தையாக. எல்லாம் தெரிந்தும் எனக்கு உள்ளே ஏதோ இடறியது.

அதிகாரி சொன்னது இதுதான். பாக்கியை முழுதும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இவர் திரும்பி வருவார் என்று இந்நாட்டுப் பிரஜை ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இவர் வராவிட்டால் பாக்கி அவர் தலையில்.

இவர் ஹட்டனில் ஏறாத படி இல்லை. பிரஜை ஆகிவிட்ட நம்மவர்கள் தெருவில் சிலர் இருந்தார்கள். ஒருவர் தமக்கு ரத்தக்கொதிப்பு என்றார். இன்னொருவர் வீட்டில் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லியனுப்பினார். மூன்றாமவர்தான் உண்மையைச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனா அந்தக் கந்தோர்ல என் பேரு ஏறிடக்கூடாது. ஏறினா என் மாடியையும் வந்து பாப்பாங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. கோயில் பலகையில்கூடப் பெயர் வேண்டாம் என்றவர்கள், வரிக் கந்தோர்க் காகிதத்தில் பெயர் போடுவார்களா?

பேக்கரி பியதாசவிடம் இவர் போகவில்லை. புகைக்கூண்டு விஷயமாக இரண்டு பேருக்கும் பழைய மனஸ்தாபம். அவர் அடுப்புப் புகை எங்கள் சேலைகளில் படிகிறது என்று இவர் நகரசபைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஆனால் பியதாசவே வந்தார். கை முழுக்க மாவு. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, முதலாளிக்கு அப்பா சுகம் இல்ல, சொன்னது. கையெழுத்து யாரும் போட இல்ல, சொன்னது. உண்மையா?"

நான் தலையாட்டினேன்.

"நான் போடும்."

இவர் எழுந்து வந்தார். "உங்களுக்குப் பயமா இல்லையா? கந்தோர்ல உங்க பேரு..."

"என்ன பயம்? நான் வரி கட்டுறது. சின்னக் கடை, சின்ன வரி. கட்டுறது." கொஞ்சம் நிறுத்தி, "முதலாளி திரும்பி வரும்தானே?" என்று கேட்டார்.

"வருவேன்" என்றார் இவர்.

ஸ்டேஷனில் வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. தெரிஞ்சுதானே அந்த ஆளை மேல ஏத்துன?"

"தெரியாதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.

7

போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு நினைவு இருந்ததாம், இவரை அடையாளம் தெரிந்ததாம். மூச்சு வாங்க வாங்க அவர் கேட்ட முதல் கேள்வி ஊர் வரியைப் பற்றித்தான். அன்றைக்கே போய் இவர் தம் கையாலேயே கட்டிவிட்டு வந்து சொன்னாராம். சில நாளில் அவர் கண் மூடிவிட்டதாகத் தந்தி வந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

காரியம் முடிந்திருக்கும். ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவது மாதமும் பாதி போயிற்று. தெருவில் பேச்சுத் தொடங்கிவிட்டது. "ஊர்லயே கடை போடப் போறாராம்" என்று ஒருவர். "பாக்கி கட்டவா திரும்பி வருவாரு?" என்று இன்னொருவர். கடையை நானும் கமலாவும் பார்த்துக்கொண்டோம். கண்டிக்குத் தவணை கட்டத் தவறிய மாதம் கந்தோர்க் கடிதம் எங்களுக்கு வரவில்லை, பியதாசவுக்கு வந்தது. தபால்காரர் அதை அவர் கையில் கொடுப்பதை நான் கடையிலிருந்தே பார்த்தேன். அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் வழக்கம்போல எங்கள் வாசலுக்கு ரொட்டி வந்தது. அந்த ரொட்டியை நான் தொடாமல் கமலாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

என் பயம் வேறு. பாக்கிக்காக வராமல் இருப்பாரா, அல்லது என் மேலுள்ள கோபத்தில் வராமல் இருப்பாரா என்று. ஊரில் அவரைச் சுற்றி அவர் பாஷை இருக்கும். தம்பிகள் இருப்பார்கள். வெயில் இருக்கும். 'பது' என்றும் 'படு' என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். நானாக இருந்தால் திரும்பி வருவேனா? இதை நினைத்து நினைத்து, சேலையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

ஒரு மத்தியானம் கமலா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அப்பா வந்துட்டாங்கம்மா. பேக்கரில நிக்கிறாங்க!"

நான் வாசலுக்கு வந்தேன். மொட்டையடித்த தலையில் புதிதாக வளர்ந்த முடியோடு, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், பேக்கரிக்குள் நின்றிருந்தார். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் எங்கள் கடைதான் முதலில். அதைத் தாண்டி அங்கே போயிருக்கிறார். பியதாச மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "முதலாளி வந்தது. நல்லது. தேத்தண்ணி குடிக்கும்" என்றார். கந்தோர்க் கடிதத்தைப் பற்றி அன்றைக்கும் சொல்லவில்லை. நான்தான் பிறகு சொன்னேன்.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஏன் இவ்வளவு நாள்?"

"தம்பிங்க விடல. சிவகங்கைக் கடைத்தெருவுல இடம்கூடப் பாத்து வெச்சிருந்தாங்க. நல்ல இடம். அங்கயே இருந்துரு, அண்ணியையும் பிள்ளையையும் அப்புறமா கூப்பிட்டுக்கன்னாங்க." ஒரு வாய் சாப்பிட்டார். "சரின்னுகூடச் சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"பியதாச கையெழுத்துப் போட்டிருக்கான்ல."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று கரண்டியோடு நின்றேன். அவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

"நாங்களும் இங்கதானே இருந்தோம்" என்றேன் கடைசியில்.

அவருக்கு நான் கேட்டதே விசித்திரமாகத் தோன்றியது. கோபமில்லாமல், ஒரு கணக்கை விளக்குவது போலச் சொன்னார். "நீங்க எப்ப வேணா கப்பலேறி வந்துடலாம். அந்த ஆளு எங்க போவான்?"

சரியான பதில்தான். அதில் தப்பு கண்டுபிடிக்க இத்தனை நாளாக முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. அவரை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. அதே நேரத்தில், ஊரில் அந்த 'சரி'யைச் சொன்னபோது என் முகம் அவருக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது.

அன்றைக்குக் கமலா கதவுநிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் கப்பலேற மாட்டேன்ப்பா" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். "எனக்கு ஊரு இதுதான்."

இவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. அவளுக்காகவா, அவருக்காகவா, எதைச் சொல்வது? இலையில் ரசத்தை ஊற்றினேன். கை கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து, ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.